தரையோடு படுக்க ஒரு நெஞ்சுப்பை

என் வயிறும் அரசாங்கம் கொடுத்த தோட்டாப் பைகளும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்டு மூன்று மாதம் அல்லாடியவன் நான்.

எழுபதுகளின் பின்பாதி. எனக்கு முப்பத்து நாலு வயது. வாரத்தில் ஐந்தரை நாள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டர் படைச் சிப்பாய். காட்டுக்குள் இன்னும் ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகள் இருந்த காலம். நாட்டைக் காக்கச் சேர்ந்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் வேறு. அலுவலகத்தில் நான் எழுதும் கடிதங்களுக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். சுடும் திடலில் அட்டையில் விழும் ஓட்டை மட்டும் என்னுடையது. அதன் பக்கத்தில் சார்ஜன் எழுதும் எண் என்னுடைய எண். அந்த ஓட்டைகளுக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தேன்.

அந்த ஓட்டைகளுக்குத்தான் ஆபத்து வந்தது. ஆண்டுத் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது சார்ஜன் அறிவித்தார்: தேறாதவர்கள் துப்பாக்கிப் பிரிவிலிருந்து விலக்கப்பட்டு முகாம் சமையல்கட்டுக்கு அனுப்பப்படுவார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள்.

தேர்வு எளிதுதான், வயிறு இல்லாதவர்களுக்கு. முழங்கால் உயரத்தில் கயிறு கட்டி, அதில் காலிப் பால் டின்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். "மெனியாராப்!" என்று சார்ஜன் கத்தினால் குப்புற விழுந்து, டின் ஆடாமல் முப்பது கெஜம் ஊர்ந்து போகவேண்டும். ஊர்ந்த பிறகு பத்துத் தோட்டா சுட்டு, எழுந்து ஓடி, மறுபடி விழுந்து, கையில் இருக்கும் இன்னொரு பத்தை மகசினில் நிரப்பிச் சுட வேண்டும். இருபதில் பன்னிரண்டு அட்டையில் பட்டால் தேர்ச்சி.

எங்களுக்குக் கொடுத்தது இடுப்புப் பட்டை. முன்பக்கம் இரண்டு பெரிய கித்தான் பைகள். ஒல்லிப் பயல்களுக்கு அவை இடுப்பின் ஓரம் ஒதுங்கிக்கொள்ளும். எனக்கு ஒதுங்க இடம் இல்லை. குப்புறப் படுத்தால் பைகள் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் மாட்டிக்கொண்டு என்னை ஜாக்கி போட்டுத் தூக்கும். கையும் காலும் காற்றில் ஆட, தரையைத் தொட முயலும் ஆமை மாதிரிக் கிடப்பேன். ஒத்திகையில் டின்கள் மொத்தமும் கோயில் மணியாக ஒலித்தன. சார்ஜன் தன் பிரம்பை எனக்கும் தரைக்கும் இடையில் விட்டு அந்தப் பக்கம் எடுத்துக் காட்டினார். அவர் மலாய்க்காரர், மெதுவாகத்தான் பேசுவார். "இந்த வழியா ஒரு கோழி குஞ்சுகளோட போகும்" என்றார்.

எங்கள் பிரிவின் கோப்ரல், கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த லோரி ஓட்டுநர். என்னைவிட ஆறு வயது சின்னவர். குமாஸ்தா என்பதால் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார்.

"கிராணி, உங்களுக்கு பெல்ட்டு சரிப்படாது லா. பையை மேல ஏத்துங்க. நெஞ்சுல மாட்டுங்க."

"நெஞ்சுலயா? அங்க மட்டும் என்ன மெலிஞ்சா கிடக்கு?"

"வயித்தோட பார்த்தா மெலிவுதான். சார்ஜன்கிட்ட கேட்டுப் பாருங்க."

கேட்டேன். சார்ஜன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டே நிபந்தனை போட்டார். கயிறு ஆடக்கூடாது. பெலுரு குறையக்கூடாது. பெலுரு என்றால் தோட்டா. இரண்டாவது நிபந்தனையை எல்லா வாரமும் எல்லாரிடமும் சொல்வார். அனுமதியில்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தால் கழுத்துக்குக் கயிறு என்று சட்டம் இருந்த காலம் அது. திடலை விட்டு யாரும் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைக்கூட ஞாபகத்துக்கு எடுத்துப்போக மாட்டார்கள்.

அனுமதி கிடைத்ததும் நெஞ்சுப்பை தேட ஆரம்பித்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் மூன்று மாதம் தெளியவில்லை.

முதலில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் தூண்டில் போடுகிறவர்கள் அணியும் கையில்லாத சட்டை வாங்கினேன். பதினொரு பைகள். வாங்கும்போது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. மகசினை வைத்து நடந்து பார்த்தபோது சட்டையின் முன்பக்கம் முழங்காலைப் பார்க்க இறங்கியது. மூச்சு விட்டால்கூட நைலான் துணி சரசரத்தது. வெயிலில் மீன் செதில் மாதிரி மின்னியது. எதிரி என்னைத் தேட வேண்டியதே இல்லை. இருந்த இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

இருந்தாலும் அந்தச் சட்டை எனக்குச் சில பாடங்கள் கற்றுக்கொடுத்தது. பை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வினை. துணி மின்னக்கூடாது, பேசக்கூடாது. கனம் தோளில் உட்கார வேண்டுமே தவிர முன்பக்கம் தொங்கக்கூடாது. அதற்கு முதுகில் பட்டைகள் குறுக்காகப் போகவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், நெஞ்சின் நடுவில் எதுவும் இருக்கக்கூடாது. படுக்கும்போது தரையில் படுவது நடு நெஞ்சுதான். பைகள் இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழே ஒதுங்கி, தட்டையாக விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அலுவலகக் கோப்பின் பின்பக்கத்தில் படமாக வரைந்து வைத்திருந்தேன். தலைமைக் கிராணி பார்த்துவிட்டு, "வீட்ல விசேஷமா? தொட்டில் பட்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய பட்டாளச் சாமான் விற்கும் சீனர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் இரண்டு நெஞ்சுப்பைகளை எடுத்துப் போட்டார். ஒன்று தடித்த கித்தானில் பித்தளைக் கொக்கிகள் வைத்துத் தைத்தது. ஆறடி வெள்ளைக்காரனுக்கு அளவெடுத்தது. கையில் தூக்கியதும் தோள் இறங்கியது. வெறும் பையே அரிசி மூட்டை கனம் என்றால் தோட்டாவை யார் சுமப்பது? இன்னொன்று மங்கிய பச்சை. மூன்றே பை, மெல்லிய பட்டை, கொக்கிக்குப் பதில் சின்ன மரக்கட்டையும் நூல் வளையமும். விரலில் மாட்டினால் கைக்குட்டை மாதிரித் தொங்கியது.

"இது எங்க உள்ளது தவுக்கே?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"தெரியாது லா. லேசு. தட்டை. நீ அதைத்தானே கேட்ட?"

அதைத்தான் கேட்டேன். ஆகவே வாங்கினேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஆசை தாங்காமல் ஓரத்தைப் பிரித்துத் தடவிக்கொண்டே வரும்போதுதான் அந்த மூன்று பைகளை எங்கே பார்த்தேன் என்று ஞாபகம் வந்தது. சரணடைந்த காட்டுக்காரர்களின் சாமான்கள் என்று காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் பார்த்தேன். துப்பாக்கிக்குப் பக்கத்தில், இதே பச்சையில், இதே மரக்கட்டையோடு இருந்தது.

நான் கண்டுபிடித்த அதே நிமிடம் பஸ் நின்றது. சாலைத் தடுப்பு. ஒரு போலீஸ்காரர் ஏறினார்.

என் சட்டைப்பையில் தொண்டர் படை அடையாள அட்டை இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் சல்யூட்கூட அடித்திருப்பார். அந்த அட்டை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. நான் செய்தது, பொட்டலத்தை எடுத்துப் பின்பக்கத்துக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்ததுதான். பஸ்ஸில் மற்ற எல்லாரையும்விட அரை அடி உயரமாக உட்கார்ந்திருந்த என்னிடம் அவர் நேராக வந்தார்.

"என்ன அது?" என்று மலாயில் கேட்டார்.

"பெண்டாட்டி உடுப்பு, துவான்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் செய்தித்தாளிலிருந்து வெளியே வந்திருந்த ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு தோள்பட்டையும் முதுகுக் கயிறும் வந்தன. கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"உன் மனைவிக்கு மூணா?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். நான் பெட்டாலிங் ஜெயா தாண்டும் வரைக்கும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அவ்வளவு அவமானப்பட்டுக் கொண்டுவந்த பையைச் சார்ஜன் ஞாயிற்றுக்கிழமை ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். "இதைப் போட்டுக்கிட்டு நீ முன்னால ஓடினா, பின்னால வர்ற நம்ம ஆள் உன்னைத்தான் சுடுவான்." பையைச் சுருட்டிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் போலீஸ்காரரின் கேலி மனசில் சுற்றிக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. உடம்போடு ஒட்டி, தோளில் நின்று, துருத்தாமல், குனிந்து நிமிர்ந்தால் நகராமல் இருக்கும் ஒன்றைத் தைக்க யாருக்குத் தெரியும்? பட்டாளத்துக்காரனுக்குத் தெரியாது. ரவிக்கை தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

எங்கள் குவாட்டர்ஸுக்கு அடுத்த வரிசையில் ஒரு ஆன்டி இருந்தார். கத்தோலிக்கர், கணவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் பாதிக் கல்யாணப் பெண்களின் ரவிக்கை அவர் கையில் தைத்ததுதான். படத்தை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு தம்பி?"

"எனக்குத்தான் ஆன்டி."

இருமல் வந்தது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நாடாவை எடுத்தார். "மூச்சை விடுங்க."

"விட்டுட்டேன்."

"இதா விட்டது? நல்லா விடுங்க. பொண்ணுங்களே இவ்வளவு எக்க மாட்டாங்க."

என் தேவைகளைச் சொன்னேன். காக்கித் துணி. ஒற்றைத் துணி மட்டும். உள்துணி வேண்டாம், கனம் கூடும். உலோகம் எதுவும் வேண்டாம். நடுவில் வெறுமை. பக்கத்துக்கு ஒரு பெரிய பை மகசினுக்கு, ஒரு சின்னப் பை தோட்டாவுக்கு. ஓரத்தில் மடிப்பு எதுவும் உள்ளே விடவேண்டாம்.

ஆன்டி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மடிப்பு விடாம எப்படி? நாளைக்கு நீங்க பெருத்தா?"

"பெருக்க மாட்டேன் ஆன்டி."

தேர்தல் பேச்சைக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டார். அவருடைய ரவிக்கை எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் துணி மடித்திருக்கும். அதை இறுக்கித் தைக்க மாட்டார். பிள்ளை பெற்று வந்து பிரித்துப் பெரிதாக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நூல் ஓட்டம் மட்டும் போட்டிருப்பார். ஊருக்கே அது தெரியும்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் தைத்துக் கொடுத்தார். உள்ளே மெல்லிய பாவாடைத் துணி. இரண்டு விலாப் பக்கமும் மடிப்பு.

"ஆன்டி, ஒத்தைத் துணின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"ஒத்தைத் துணியில தைச்சா பிசிறு வெளிய தெரியும் தம்பி. யார் தைச்சதுன்னு நாலு பேர் கேப்பாங்க. எனக்கு அசிங்கம்."

"அங்க யாரும் திருப்பிப் பார்க்க மாட்டாங்க ஆன்டி!"

"ஆண்டவர் பார்ப்பாரு."

ஆண்டவரையும் ஆன்டியையும் எதிர்த்துப் பேச நேரம் இல்லை. வாங்கிக்கொண்டு வந்து போட்டுப் பார்த்தேன். என்ன சொல்ல, அருமையாக இருந்தது. கழுத்தை அறுக்கவில்லை, அக்குளைக் கடிக்கவில்லை. மகசினை வைத்தபோது விலாவில் ஒட்டிக்கொண்டு காணாமல் போனது. மேலே சட்டை போட்டால் ஒன்றும் மாட்டியிருப்பதே தெரியவில்லை. என் மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"ப்ளவுஸ் நல்லாத்தான் இருக்கு. புடவை என்னா கலர்?"

நான் சாப்பாட்டு மேசைக்குக் கீழே குப்புறப் படுத்து ஊர்ந்து அந்தப் பக்கம் வந்தேன். எதுவும் இடிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சமையல்கட்டுக்குப் போகமாட்டேன் என்ற நம்பிக்கை வந்தது.

தேர்வு நாள். பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றை ஒட்டிய திடல். ஒரு பக்கம் மணல் மேடு, மறுபக்கம் முழங்கால் அளவு லாலான் புல். கோப்ரல் தோட்டாக்களை எண்ணி எண்ணிக் கொடுத்தார். ஆளுக்குப் பத்து மகசினில், பத்து கையில். கையில் வாங்கிய பத்தை இடது பக்கச் சின்னப் பையில் போட்டுக்கொண்டேன்.

"மெனியாராப்!"

விழுந்தேன். ஊர்ந்தேன். என் தலைக்குமேல் டின்கள் அப்படியே தொங்கின. ஒன்று லேசாக ஆடியது; காற்று என்று சார்ஜனே ஒப்புக்கொண்டார். பிரம்பை என் நெஞ்சுக்கும் தரைக்கும் இடையில் விடப் பார்த்தார். நுழையவில்லை. "பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். மூன்று வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் 'பாகுஸ்' அது. அந்தச் சந்தோஷத்தில் பத்துத் தோட்டாவைச் சுட்டு, எழுந்து ஓடி, மறுபடி விழுந்து, சின்னப் பைக்குள் கைவிட்டு நிரப்பினேன். ஒன்பதுதான் வந்தது. மறுபடி துழாவினேன். பை காலி. பக்கத்தில் இருந்தவன் சுட ஆரம்பித்துவிட்டான். கோப்ரல்தான் ஒன்பதாக எண்ணியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒன்பதையும் சுட்டேன். சார்ஜன் வரிசையாக, "முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டு வந்தபோது எல்லாரையும் போல நானும், "முடிந்தது!" என்று கத்தினேன். அந்த ஒரு கத்தலுக்கு நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

அட்டையைப் பார்த்தார்கள். எனக்குப் பதினொன்று. பன்னிரண்டுக்கு ஒன்று குறைவு. நெஞ்சு உடைந்து நின்ற நேரத்தில் வெற்றுக்கூடுகளைப் பொறுக்கிக் குவித்து எண்ணினார்கள். அங்கேயும் ஒன்று குறைந்தது.

இரண்டு முறை எண்ணினார்கள். மூன்றாவது முறை சார்ஜனே மண்டியிட்டு எண்ணினார். எங்கள் எல்லாரையும் நிறுத்தி, பைகளை வெளியே இழுத்துப் போடச் சொன்னார். கோப்ரல் என் நெஞ்சுப்பையை அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "தையல் பலமா இருக்கு" என்று அடுத்த ஆளுக்குப் போனார். கடைசியில் முப்பது பேரும் வரிசையாகக் கையையும் முழங்காலையும் ஊன்றி லாலான் புல்லில் தேட ஆரம்பித்தோம். உச்சி வெயில். புல் நுனி முகத்தை அறுத்தது.

"எந்தப் பன்னாடைடா கீழே போட்டது?" என்றான் ஒருவன்.

"கையில கிடைச்சான்னா, முதல்ல அவனைத்தான் லோட் பண்ணுவேன்" என்றான் இன்னொருவன்.

"இன்னிக்கு எங்க அண்ணன் மகளுக்குக் காது குத்து" என்றார் கோப்ரல், யாரையும் பார்க்காமல். "தாய்மாமன் இல்லைன்னாலும் சித்தப்பன் லா நான். ரெண்டு மணிக்குத் தீவுல இருக்கணும்."

ஒரு மணி நேரம் போனது. முழங்கால் தாங்காமல் நான் குப்புறவே படுத்துத் தேட ஆரம்பித்தேன். படுத்ததும் இடது விலாவில் ஏதோ குத்தியது. சுண்டுவிரல் நீளம். ஒரு முனை கூர்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சின்னப் பையின் அடித்தையலும் விலா மடிப்பும் ஒரே தையல். ஆன்டி அதில் நூல் ஓட்டம் மட்டும்தான் போட்டிருந்தார், நான் பெருக்கும்போது பிரிக்க. விழுந்த வேகத்தில் நூல் அறுந்து, ஒரு தோட்டா பையிலிருந்து நழுவி, நான் எதிர்காலத்தில் வைக்கப்போகும் சதைக்காக ஒதுக்கிய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த பத்து நிமிடம் என் மண்டைக்குள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. விசாரணை, தீர்ப்பு, கயிறு எல்லாம் வரிசையாக வந்தன. 'ரவிக்கையில் தோட்டா: ரயில்வே கிராணி கைது' என்று பத்திரிகையில் பார்த்தேன். ஆன்டியைச் சாட்சிக் கூண்டில் பார்த்தேன். மடிப்பு வேண்டாம் என்று தம்பி சொல்லத்தான் சொன்னார் என்று அவர் பைபிள்மீது கைவைத்துச் சொன்னார். என்னைச் சுற்றி முப்பது சாட்சிகளும் ஒரு சார்ஜனும் இருக்கும் திடலில், படை கொடுத்த தோட்டாவோடு படுத்துக் கிடப்பவனை யாரும் தூக்கில் போடமாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒரு கெட்ட புத்தி வந்தது. அதை மெல்ல வெளியே எடுத்துப் புல்லில் போட்டு, "இதோ!" என்று கத்தினால்? வலது கையை இடது அக்குளுக்குக் கீழே விட்டேன். தோட்டா உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் நழுவி நழுவிப் போனது. போன வழியாக வரமாட்டேன் என்றது. ஆன்டியின் மற்ற தையல்கள் எல்லாம் ஆயுசுக்கும் நிற்கிற தையல்கள்.

"என்னா கிராணி, எறும்பா?" என்றார் பக்கத்தில் ஊர்ந்த கோப்ரல்.

"ஆமா, பெரிய எறும்பு."

அப்போது சார்ஜன் எங்கள் தலைக்குமேல் வந்து நின்றார். மணிக்கட்டைப் பார்த்தார். இன்னும் அரைமணி நேரத்தில் கிடைக்காவிட்டால் மேலிடத்துக்குச் சொல்லவேண்டும் என்றார். "தோட்டா கொடுத்த ஆள் பதில் சொல்லணும். அவன் எண்ணிக்கைதான் முதல் எண்ணிக்கை."

தோட்டா கொடுத்த ஆள் கோப்ரல். சட்டைக் கையில் இருந்த கோப்ரல் பட்டை இரண்டையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடி புல்லை விலக்க ஆரம்பித்தார். அதே இடத்தைத்தான் மூன்றாவது தடவையாக விலக்கினார்.

நான் எழுந்தேன். எதற்கென்று தெரியவில்லை, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டேன். சரணடைகிறவன் மாதிரி சார்ஜனிடம் நடந்து போய், "என்கிட்ட இருக்கு, சார்ஜன். ஆனா எடுக்க முடியலை" என்றேன்.

முப்பது பேரும் எழுந்தார்கள். இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கத்தரிக்கோல் கேட்டார்கள், சுடும் திடலில் யார் கத்தரிக்கோல் வைத்திருப்பார்கள்? கத்தியைக் கொண்டு வரட்டுமா என்று ஒருவன் என் விலாவைப் பார்த்து ஆசையோடு கேட்டான். கடைசியில் கோப்ரல் வந்தார். "கையைத் தூக்கியே வச்சிருங்க கிராணி" என்று சொல்லிவிட்டு, குனிந்து என் அக்குளுக்குக் கீழே வாயை வைத்துத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். முகம் முழுக்க வியர்வை, அவருடையதும் என்னுடையதும். கடிக்கும் இடைவெளியில், "எவ லா தைச்சா இதை?" என்றார். மறுபடி கடித்தார். "லோரி டயர் தையல்கூட விட்டுடும்." யாரோ முதலில் சிரிக்க, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. தோட்டா அவர் உள்ளங்கையில் விழுந்தபோது அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "இது உன் தோட்டா" என்றார். "இருபதாவது. நீ இன்னும் தேர்வை முடிக்கலை. போய்ச் சுடு."

அவர் நியாயமான மனுஷர். அட்டையில் பதினொரு ஓட்டை. இது பட்டால் பன்னிரண்டு. நெஞ்சுப்பையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். எனக்குப் பின்னால் முகமெல்லாம் புல் அறுத்த முப்பது பேர் நின்றார்கள். கோப்ரல் என் பக்கத்தில் குந்தினார்.

"மூச்சை விடுங்க கிராணி. விட்டுட்டுச் சுடுங்க."

விட்டேன். என் உடம்பு தரையோடு எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டிக் கிடந்தது. மனசுதான் ஒட்டவில்லை. அந்தத் தூக்குக் கயிறு மண்டையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சுட்டேன். அட்டைக்கு ஒரு முழம் முன்னால் மண் எழும்பியது.

"மண்ணுக்குப் போட்டீங்க லா" என்றார் கோப்ரல், மெதுவாக. அவர் சொன்ன விதத்தில் கேலி இல்லை. அவர் மணியைப் பார்த்துக்கொண்டு லோரிக்கு ஓடினார். காது குத்துக்குத் தாமதமாகத்தான் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சமையல்கட்டில் எட்டு வருடம் இருந்தேன். வெங்காயம் உரிக்க யாரும் நெஞ்சுப்பை கேட்பதில்லை. ஒரே ஒரு தோட்டா, ஒரே ஒரு ஓரம், கேட்டபடி ஒற்றைத் துணியில் தைத்திருந்தால் ஓடிய வேகத்தில் இருபதும் போயிருக்கும்; பன்னிரண்டு வந்திருக்கும். இன்றைக்கும் மனசு அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. ஆன்டியிடம் இதைச் சொல்லவே இல்லை. எப்படி இருக்கு என்று கேட்டார். பிரமாதம் என்றேன்.

என்னால் படைக்கு ஒரு நன்மை நடந்தது. அடுத்த வாரத்திலிருந்து திடலை விட்டுக் கிளம்புமுன் சார்ஜன் புதிதாக ஒரு கட்டளை போட ஆரம்பித்தார்: "தையலைப் பார்!" எல்லாரும் உடுப்பின் உள் ஓரங்களைத் திருப்பித் தடவிக் காட்டவேண்டும். சில வருடம் கழித்துப் புதிதாக வந்த பையன்களுக்கு அது ஏன் என்று தெரியாது. நூறு வருடமாக இருக்கும் பட்டாளச் சடங்கு என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு தடவுவார்கள். காற்று எங்கள் பக்கம் அடிக்கும் நாளில் அந்தக் குரல் சமையல்கட்டு வரைக்கும் வரும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நானும் ஒருமுறை இடது விலாவைத் தடவிப் பார்ப்பேன். 'நாளைக்கு நீங்க பெருத்தா?' என்று ஆன்டி கேட்டது மட்டும் பலித்திருந்தது. அந்த மடிப்புக்கு இப்போது வேலை வந்திருந்தது.